பாதாளக்கரண்டிக்கு ஈடு

சின்னப்பிள்ளை அக்காவுக்கு மெஷின் வரப்போகிற செய்தி, புதன்கிழமை காலை ஏழு மணிக்குள் எங்கள் குறுக்குத் தெருவின் பதினொரு வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் பரப்பவில்லை. அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை நான் குளித்துக்கொண்டிருந்தேனாம். நான் காதால் கேட்கவில்லை என்பதற்காகத் திரும்ப வந்தார்.

இடியாப்பம் பிழியும் மெஷின். சுவிச்சைப் போட்டால் தானாக அமுக்கும், தட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருடமாக மர உரலில் கையால் அமுக்கி, மாத்தளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூன்று கடைகளுக்கு இடியாப்பம் கொடுப்பவர். அவரது வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் உயர்ந்து நிற்கும். அந்தத் தோளைத் தட்டிக்காட்டி, "இதுக்கு பென்ஷன் வந்திருச்சு சேர்" என்றார். நான் பள்ளிக்கூட ஆசிரியன், பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. எனக்கே பொறாமையாக இருந்தது.

மெஷினைப் பார்த்துப் பேசி முடித்தவன் அவருடைய மகன் ரமணன். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை. மெஷின் குருநாகலில் இருந்து ஞாயிறு காலை பத்து மணிக்கு லொறியில் வரும். ஒரேயொரு நிபந்தனை. ஆறடிக்கு நாலடி இடம், சிமெந்துத் தரை, மேலே கூரை. இது தயாராக இல்லாவிட்டால் லொறியை விட்டு இறக்கமாட்டார்கள். தம்புள்ளையில் இன்னொருவர் அதே மெஷினுக்குக் காத்திருக்கிறார், லொறி நேராக அங்கே போய்விடும்.

அக்காவின் அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். இருக்கிற ஒரே இடம் வீட்டை ஒட்டி இறக்கியிருந்த தகரச் சாய்ப்பு. அதில் தெருவே இருந்தது.

தெரு என்று நான் சும்மா சொல்லவில்லை. அக்கா இந்தத் தெருவுக்கு வாழ வந்த முதல் வாரத்திலேயே வாளியைக் கிணற்றில் விட்டுவிட்டார். எடுக்கப் பாதாளக்கரண்டி கேட்டு எல்லா வீட்டுக் கதவையும் தட்டினார். ஒரு வீட்டிலும் இல்லை. வளையத்தில் பத்துப் பன்னிரண்டு கொக்கி தொங்கும் அந்தச் சாமானை யாரும் வாங்கமாட்டார்கள், ஏனென்றால் வாளி தினமுமா விழுகிறது? ரோஷம் வந்து யட்டவத்தைக்குப் போய், ஒரு கொல்லரிடம் சொல்லிச் செய்வித்துக்கொண்டு வந்தார். அதோடு போயிற்று. தெருவில் வாளி விழுந்தால் அக்கா, குடம் விழுந்தால் அக்கா.

கரண்டி இருக்கிற வீட்டில் மற்றதும் இருக்கட்டுமே என்று பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. தேர்த் திருவிழாவுக்கு லைட் கட்ட எல்லாருமாகச் சேர்ந்து வாங்கிய இருபதடி மூங்கில் ஏணி, மூலை வீட்டுக்காரர் கொண்டுவந்து சாத்திய இரண்டு ஆள் இழுக்கும் வாள், குழி தோண்டும், யாருடையது என்றே தெரியாத அலவாங்கு, கிணறு இறைக்கும் கப்பி, பலாக்காய் பறிக்கும் துறட்டி. வருடத்துக்கு ஒரு தரம், இரண்டு தரம் வெளியே போகும், வரும். மீதி நாளெல்லாம் சாய்ப்பில் படுத்திருக்கும்.

கரண்டிக்கு ஒரு முறை உண்டு. அதை இரவல் கேட்டு வருகிறவர் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். ஈடு வைக்காமல் கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும் என்பார்கள். சண்டை வருமோ இல்லையோ, பாத்திரம் போன வீடு கரண்டியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு முறை நான் கைவீசிக்கொண்டு போய்க் கரண்டி கேட்டேன். அக்கா சிரித்தார். அங்கே நின்ற பாறூக் நானாதான் பிடித்துக்கொண்டார். "மொதல்ல சாமான வெச்சிட்டு எடுங்க சேர். முறையெண்டா முறைதான்." மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர், ஈடு என்றால் என்னவென்று தெரிந்தவர். நான் வீட்டுக்கு ஓடி, கைக்கு அகப்பட்ட ரைஸ் குக்கரின் உள்பானையைக் கொண்டுவந்து வைத்தேன். அன்று பகல் எங்கள் வீட்டில் சோறில்லை, கடைப் பாண்தான். என் மனைவி பிரதீபா இன்னும் மறக்கவில்லை.

வியாழக்கிழமை பழைய இரும்பு வாங்குகிறவர் தராசோடு வந்தார். அக்கா முதலில் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இரும்புச் சத்தம் கேட்டதுதான் தாமதம், பாறூக் நானா கட்டியிருந்த சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் பின்னால் மூலை வீட்டுக்காரர். அவர் பின்னால் நான். மூன்று பேரும் மூச்சிரைக்க நியாயம் பேசினோம். ஆபத்து சொல்லிக்கொண்டா வரும் என்றார் நானா. இந்த மாதிரி வாள் இனிக் கிடைக்குமா என்றார் மூலை வீட்டுக்காரர். ஏணி பொதுச் சொத்து என்று நான் சட்டம் பேசினேன். இரும்புக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, தராசைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். வேண்டியதுதானே, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போய் உங்கள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மூன்று பேருக்கும் வேலை வந்துவிட்டது. நானா வீட்டில் இடமில்லை, கராம்பு காய்கிறது. மூலை வீட்டில் இடமில்லை, மருமகன் மோட்டர் சைக்கிள் நிற்கிறது. எங்கள் வீட்டிலும் இடமில்லை. ஏன் இல்லை என்று நான் என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை, நல்ல காரணமாகத்தான் இருந்திருக்கும். கொடுக்கவும் விடாத, எடுக்கவும் வராத வைக்கோற்போர் நாய்கள் நாங்கள். ஒரு சாமானைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை, அடுத்த வீட்டில்.

வெள்ளிக்கிழமை அக்கா யாரோடும் பேசவில்லை. சாய்ப்புக்கு முன்னால் முற்றத்தில், ஆறடிக்கு நாலடி சுண்ணாம்பால் ஒரு கட்டம் கீறி, அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கட்டத்தை மிதிக்காமல் தண்ணீர் கொண்டுபோனார். மிதிக்காமல் துணி காயப்போட்டார். மெஷின் ஏற்கெனவே அங்கே நிற்பது போல. ரமணனோடு போனில் பேசும்போது மட்டும் குரல் உடைந்தது. தம்புள்ளைக்குத்தான் போகுமோ என்று அவர் கேட்டது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஏணியை எடுக்க நான் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை என் வாசலில் தடால் என்று ஒரு சத்தம். வெளியே வந்து பார்த்தால் இருபதடி ஏணி என் கேட்டிலிருந்து எலுமிச்சை மரம் வரை நீட்டிப் படுத்திருக்கிறது. அக்கா என்னைத் தாண்டி நேராக எங்கள் அடுப்படிக்குப் போனார். பிரதீபாவிடம் ஏதோ கேட்டார். பிரதீபா சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தக் குக்கர் பானையை எடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஈடு எங்கிட்ட இருக்கு சேர். இது இருக்கற வரைக்கும் ஏணி ஒங்க வீட்டுல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு சாமான் வீட்டை விட்டுப் போனால் ஒரு பாத்திரம் வீட்டுக்குள் வர வேண்டும். இரவல் கேட்டுத்தான் போக வேண்டும் என்று எந்த முறையில் இருக்கிறது? கேட்காதவன் வாசலில் வைத்தாலும் ஈடு ஈடுதான். கரண்டிக்கு மட்டுமான முறையை ஏணிக்கும் வாளுக்கும் சேர்த்து நீட்டிவிட்டார் என்று வாதாட நினைத்தேன். என் சோற்றுப்பானை அவர் இடுப்பில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பத்து மணிக்குள் தெரு முழுக்க முடிந்தது. வாள் மூலை வீட்டுக்குப் போனது, அங்கிருந்து ஒரு பிட்டுப் பானை வந்தது. அலவாங்குக்கு ஒரு வாளி, துறட்டிக்குப் பொரிக்கிற தாச்சி. ஆண்கள் வாசலில் நின்று முணுமுணுத்தார்கள், பெண்கள் உள்ளே இருந்து பாத்திரத்தை எடுத்து நீட்டினார்கள். கரண்டியையும் கப்பியையும், கரண்டிக்கென்றே வைத்திருந்த நல்ல கயிற்றையும் பாறூக் நானாவின் வாசலில் வைத்தார். நானா வாயைத் திறந்தார். அன்று எனக்குச் சொன்ன வார்த்தை அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். அவர் மனைவி நோனா ராத்தா, பெருநாளுக்குப் புரியாணி ஆக்கும் பெரிய சட்டியைத் தானே தூக்கி வந்து அக்காவிடம் கொடுத்தார். கொடுத்த கையோடு, ஞாயிறு இரவு சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், மெஷினின் முதல் ஓடர் எங்களுக்கு, அறுநூறு இடியாப்பம் என்றும் சொல்லிவிட்டார்.

அக்கா அன்று சாய்ப்பைக் கழுவிய வேகத்தில் தண்ணீர் தெருமுனை வரை ஓடியது.

ஞாயிறு பத்து மணிக்கு லொறி வந்தது. பத்தே காலுக்குப் பதினொரு வீடும் அக்கா முற்றத்தில் நின்றது. ஈடு கொடுத்த கோபம் ஒருவர் முகத்திலும் இல்லை. மெஷினை இறக்கப் பாறூக் நானா தோள் கொடுத்தார், நான் ஆலோசனை கொடுத்தேன். சுவிச்சைப் போட்டதும் வெள்ளை நூல் வட்டமாக இறங்கியது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "பாருங்க, தோள் ஆடவே இல்ல" என்று தோளைக் காட்டினார். எல்லாரும் தோளைத்தான் பார்த்தோம்.

இடியாப்ப உரலை இனி இரும்புக்காரருக்கா, விறகுக்கா என்று யாரோ கேட்டார்கள். அது நேற்றே போய்விட்டது, பாவிக்காத சாமானை வைத்துக்கொண்டிருக்க நான் என்ன உங்களை மாதிரியா என்று அக்கா ஒரே வெட்டாக வெட்டினார்.

மாலை நாலரை மணிக்குப் பைப் தண்ணீர் நின்றது. எங்கள் பக்கம் அது புதினமில்லை. அக்கா அறுநூறுக்கும் மாவைச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்துவிட்டார். அந்த மாவைச் சூட்டோடு பிழிய வேண்டும், ஆறினால் இறுகிக் கல்லாகிவிடும். மெஷினின் பித்தளை அச்சில் காலையில் பிழிந்த மாவு காய்ந்திருந்தது. கழுவக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். அச்சை வாளிக்குள்ளேயே போட்டு, தண்ணீரோடு அலசி எடுத்துவிடலாம் என்று வாளியை இறக்கினார். நல்ல கயிறு நானா வீட்டில் கரண்டியோடு இருந்தது. இவர் கட்டியிருந்தது துணி காயப்போடும் நைலோன் கயிறு. நைலோனில் முடிச்சு நிற்காது என்று அவருக்குத் தெரியும், சந்தோஷத்தில் மறந்துவிட்டார். முடிச்சு வழுக்கியது.

அக்கா போட்ட சத்தத்தில் நானும் பிரதீபாவும் வேலியைத் தாண்டியே போய்விட்டோம். கயிறு மட்டும் கையில் இருந்தது. "அச்சு போயிருச்சு" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அச்சு இல்லாவிட்டால் மெஷின் வெறும் இரும்புப் பெட்டி. குழைத்த மாவு ஆறிக்கொண்டிருந்தது. நானா வீட்டுக்குச் சம்பந்திகள் ஏழு மணிக்கு வருகிறார்கள்.

கரண்டி ஒன்றுதான் வழி. பிரதீபா உடனே நானாவின் பெரிய சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கரண்டியை எடுத்துவரச் சொன்னாள். அந்த அவதியிலும் அக்காவுக்குக் கணக்குப் பிசகவில்லை. சட்டியைக் கொடுத்துவிட்டால் ஈடு மீண்டுவிடும், கரண்டி மறுபடி சாய்ப்புக்கே வந்துவிடும். அதற்கு மாட்டேன் என்றார். வேறு பாத்திரம் வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் மற்றவர்களின் ஈடு, ஒருவர் ஈட்டை இன்னொருவரிடம் வைக்க முடியாது. அவருடைய சொந்தப் பானைகளில் ஒன்றில் மாவு, மற்றதெல்லாம் அடுப்பில்.

சும்மா கேட்டால் நானா கொடுக்கமாட்டாரா, அவர் வீட்டு விருந்துக்குத்தானே என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

உள்ளே போனார். கட்டிலுக்கடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பழைய சேலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்தார். சேலையின் ஓரத்தில் உரலின் கைப்பிடி தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் உள்ளங்கை பட்டு வழவழத்த கைப்பிடி. "கரண்டு கட் ஆனா வேணும்ல" என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

நானா வீட்டு வாசலில் நோனா ராத்தா, ஈடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், முதலில் அச்சை எடுங்கள் என்று கரண்டியை நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை. உரலை வாசற்படியில் வைத்து, அது உள்ளே போகும்வரை நின்று, பிறகுதான் கரண்டியைத் தொட்டார். கயிற்றையும் கப்பியையும் நானா தூக்கிக்கொண்டு வந்தார்.

கிணற்றடியில் பாதித் தெரு கூடிவிட்டது. நானாவே கயிற்றைப் பிடித்தார். கரண்டி அடியைத் தொட்டதும் மெல்ல வட்டம் போட்டார். முதல் தடவை ஒரு பழைய செருப்பு வந்தது. இரண்டாம் தடவை ஏதோ மாட்டி, பாதி வழியில் விட்டுப்போனது. மாவுச் சூடு போகிறது என்று அக்கா அடுப்படிக்கும் கிணற்றுக்குமாக ஓடினார். மூன்றாம் தடவை நானா கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மி சொல்லி இழுத்தார். கயிறு கனத்தது. வாளியின் கைப்பிடி கொக்கியில் தொங்க, சரிந்து சரிந்து மேலே வந்தது. அச்சு உள்ளே இருக்கிறதா, சரிந்ததில் விழுந்துவிட்டதா என்று ஒருவரும் மூச்சு விடவில்லை.

இருந்தது. வாளியின் அடியில் குறுக்கே இறுகிக்கொண்டு பளபளவென்று இருந்தது. அக்கா அதை ஈரத்தோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார், ஓடினார்.

ஆறே முக்காலுக்கு அறுநூறு இடியாப்பமும் நானா வீட்டுக்குப் போயின. நானாவின் பெரிய சட்டியில்தான் அவித்தார். சம்பந்திகள் திரும்பக் கேட்டுச் சாப்பிட்டார்களாம்.

மறுநாள் பிற்பகல், கரண்டியையும் கயிற்றையும் கப்பியையும் திருப்பிக் கொடுக்க அக்கா போனார். கப்பி கனம் என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். நோனா ராத்தா அடுப்படியில் இருந்தார். அவர் முன்னால் அந்த உரல். அதில் மாவு நிரப்பி, தட்டில் பிழிந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கள்ளம் பிடிபட்ட மாதிரி எழும்பினார்.

"மன்னிச்சிக்கோங்க, கேக்காம எடுத்திட்டேன். எங்களுக்கு ராவைக்கு நாலு பேருக்கு இது போதும்." துணியை எடுத்து உரலைத் துடைக்கத் தொடங்கினார். "கழுவித் தாரேன், இரிங்க."

அக்கா உரலையே பார்த்தார். முறைப்படி கரண்டி வந்துவிட்டது, உரல் போக வேண்டும். அவர் கையை நீட்டியிருந்தால் உரல் அந்தக் கைக்கு வந்திருக்கும். எத்தனையோ பேரை வாய்கிழியத் திட்டிய அந்த மனுஷிக்கு ஒரு வார்த்தை சொல்ல அவ்வளவு நேரம் எடுத்தது.

"கழுவ வேணாம் ராத்தா. எடுத்துட்டுப் போனா கட்டிலுக்கடியிலதான் வைப்பேன். இங்கயே இருக்கட்டும். ஈட்டுக்கு ஒங்க சட்டி எங்கிட்ட இருக்குல்ல."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலைக் கடந்தார். நான் பின்னால் ஓடினேன். கேட்டைத் தாண்டியதும் நின்றார், திரும்பி உள்ளே போனார். "கழுவுனா வெயில்ல வைக்காதீங்க, வெடிச்சிரும்" என்றார். ராத்தா சரி என்றார். மறுபடி வெளியே வந்தோம். பத்தடி கூட நடக்கவில்லை. "நேரா அமுக்கணும், சாய்ச்சா பிடி கழண்டுரும்" என்று சொல்ல இரண்டாம் தடவையும் திரும்பினார். கண் நிறைந்திருந்தது, மறைக்கவும் இல்லை.

நோனா ராத்தா தான் இருந்த பலகையை அக்கா பக்கம் தள்ளிவிட்டார். அக்கா உட்கார்ந்தார். உயர்ந்த தோளை ஒரு முறை உருட்டிவிட்டு, உரலை இரண்டு கையாலும் பிடித்தார். நான் கப்பியோடு வாசலில் நின்றேன்.

மெஷின் வந்த இரண்டாம் நாளே கடைகளுக்கு மாலை இடியாப்பம் அரை மணி நேரம் பிந்திப் போனது.